பெட்டிக்குத் திரும்பிய சீட்டு

எங்கள் கோயிலின் நூற்றெழுபத்தைந்தாவது ஆண்டு மலருக்கு வரலாறு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நாலு பக்கம், அதற்கு மேல் வேண்டாம் என்றார்கள். முப்பத்தாறு வருடம் தபால் கந்தோரில் குப்பை கொட்டியவன், சுருக்கமாக எழுதுவான் என்று நினைத்திருப்பார்கள். எழுதிக் கொடுத்தேன். எந்த வெள்ளைக்காரப் போதகர் சுண்ணாம்புக்கல் வெட்டுவித்தார், எந்தப் புயலில் கூரை போனது, ஆர்மோனியம் எப்போது வந்தது எல்லாம் அதில் இருக்கிறது. படித்தால் நல்ல நித்திரை வரும்.

இது அந்த நாலு பக்கம் அல்ல. இது சீலாவைப் பற்றியது. மலரில் அவளுடைய பெயர் ஒரேயொரு இடத்தில், பதிவாளர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வருகிறது. அது போதாது. அப்படிப் போட்டவன் நான்தான் என்பதால் கோபமும் என்மேல்தான்.

நீர்வேலியில் பஸ்ஸை விட்டிறங்கி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற செம்மண் ஒழுங்கையில் ஒரு மைல் நடந்தால் கோயில் வரும். கோபுரம் தேட வேண்டாம். இந்தப் பக்கத்துப் புரட்டஸ்தாந்துக்காரரும் கோயில் என்றுதான் சொல்வோம். ஒரு மண்டபம், ஒரு மணி, கிறவல் சரளை போட்ட முற்றம், பின்னால் எங்கள் ஆட்களைப் புதைக்கிற சவக்காலை. அங்கத்தவர் பெயர் எழுதிய இடாப்பில் இன்று நாற்பத்து மூன்று பேர். அதில் பதினொரு பேர் கனடாவில் குளிருகிறார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேறெந்தச் சபையிலும் நான் அதைக் கண்டதில்லை. சபை அங்கத்தவராகச் சங்கத்தில் சேருகிறவர் ஒரு முதிரை மரப் பெட்டிக்குள் பார்க்காமல் கையை விட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். தடித்த மட்டை, உள்ளங்கை அளவு. முன்பக்கத்தில் ஒரு வேதவசனம். அது சாகும்வரை அவருடையது. ஒரு வசனத்துக்கு ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் சொந்தக்காரர். பின்பக்கத்தில் அந்தச் சீட்டை முன்பு வைத்திருந்தவர்களின் பெயர்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கும்; சேர்ந்த திகதி, அடக்கத் திகதி. ஆள் இறந்ததும் போதகர் குழிக்கரையில் அந்த வசனத்தை வாசித்து, பின்னால் திகதியை எழுதி, பெட்டியின் மூடியில் உள்ள வெட்டுக்குள் சீட்டைப் போட்டுவிடுவார். மண் போட்டால்கூட எங்களுக்கு ஆள் போனது போலிருக்காது. சீட்டு பெட்டிக்குள் விழுகிற அந்தச் சின்னச் சத்தத்தில்தான் அழுகை வரும்.

பெப்ரவரி கடைசி ஞாயிறு ஆண்டு விழா. அன்று இடாப்பில் உள்ள பெயரெல்லாம் கூப்பிடப்படும். கூப்பிடப்பட்டவர் எழும்பித் தன் வசனத்தைச் சொல்ல வேண்டும். ஊரில் இல்லாதவருக்கு வீட்டுக்காரர் பதில் சொல்வார்கள். முப்பத்து நாலு வருடமாக அந்தப் பெயர்களைக் கூப்பிடுகிறவள் சீலா. பெட்டிப் பூட்டின் திறப்பும் அவளிடம்தான்.

சீலா தையல் ரீச்சர். கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்து இளைப்பாறினாள். தாய், தம்பி ஜஸ்ரினைப் பெற்ற ஆறாம் மாதமே செத்துப்போனாள். சீலாவுக்கு அப்போது வயது பதின்மூன்று. அன்றிலிருந்து அவளே தாய். பால்மாப் பேணியும் பள்ளிக்கூடப் புத்தகமுமாக வளர்ந்தாள். ஜஸ்ரின் சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. பழுதான ரேடியோ எங்கே கண்டாலும் கழற்றுவான்; பாதிக்குப் பாதி திரும்பப் பூட்டுவான். பதினாறு வயதில் சங்கத்தில் சேர்ந்து சீட்டு எடுத்தபோது, அதை வீட்டில் வைக்க மாட்டேன், என்னோடுதான் வைத்திருப்பேன் என்று அடம்பிடித்தான். சீலா அவனுடைய ஒவ்வொரு சேட்டுக்கும் உள்பக்கம், நெஞ்சோடு, ஒரு சின்னப் பொக்கற் தைத்துக் கொடுத்தாள். எல்லாவற்றுக்கும் பச்சை நூல். வேறு நூல் இல்லாமல் அல்ல, அவனுக்குப் பச்சை பிடிக்கும்.

தொண்ணூற்றைந்து ஒக்ரோபரில் யுத்தம் நெருங்கியதும் குடாநாடே எழும்பிப் போனது. நாங்களும் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கோயில் வாசலுக்கு நேர் முன்னால் ஷெல் விழுந்து ஆள் ஆழத்துக்குப் பெரிய பள்ளமாய் ஒரு கிடங்கு. கூரையில் பாதி இல்லை. திரும்பி வந்து இரண்டு மாதத்தில், தொண்ணூற்றாறு யூலையில், ஒரு பின்னேரம் ஜஸ்ரின் சைக்கிளில் வெளிக்கிட்டான். ஒரு ரேடியோவைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றான். இருபத்து நாலு வயது. ஆள் வரவில்லை. சைக்கிளும் வரவில்லை.

சீலா எழுதாத இடம் இல்லை. அவளுடைய பதிவுத் தபால்களுக்கு முத்திரை குத்தியவன் நான். ஒவ்வொன்றையும் கையில் வைத்து ஒருமுறை தடவிவிட்டுத்தான் தருவாள். கனடாவிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை எஞ்சினியர். "வீடு பூட்டிக் கிடந்தா அவன் வந்து எங்கை போவான்?" என்றாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. இந்த இருபத்தெட்டு வருடத்தில் அவள் வேறு வீட்டில் ஓர் இரவு படுத்ததில்லை. வாசல் படலைக்குப் பூட்டுப் போட்டதில்லை. களவெடுக்க வந்த கள்ளனும் அந்தப் படலையைக் கண்டு இரக்கப்பட்டுத் திரும்பியிருப்பான் என்று நாங்கள் பகிடி விடுவோம். அவள் சிரிப்பாள். சிரிப்பு கண்ணுக்கு வராது.

காணாமற்போனவர்களின் பெயரை என்ன செய்வது என்று கோயிலில் கேள்வி எழும்பியது. சீட்டுத் திரும்பவில்லை, ஆகவே ஆள் இறக்கவில்லை. பெயரை வெட்ட முடியாது. கூப்பிட்டுவிட்டு, வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, ஒரு நிமிடம் பொறுத்திருப்பது என்று தீர்மானித்தோம். முதலில் மூன்று பெயர் இருந்தது. ஒருவர் சுவிசிலிருந்து மனைவி பிள்ளைகளோடு படம் எடுத்து அனுப்பினார். இன்னொருவரின் சாவு நிச்சயமானது. ஜஸ்ரின் மட்டும் மிஞ்சினான்.

அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே. காலை பதினொன்றரை மணி, வெளியே வெயில் வெள்ளையாக நிற்கும். வாழையிலைகள் ஒன்றோடொன்று அடிபடுகிற சத்தம் எங்கள் கோயிலில் எந்த நேரமும் உண்டு. செபத்துக்கும் பிரசங்கத்துக்கும் அது நிற்காது. ஜஸ்ரினின் பெயரைக் கூப்பிட்டதும் நின்றுவிடும். காற்று விழுந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்வேன். வருடா வருடம் அதே நிமிடத்தில் விழுகிற காற்றை நான் வேறெங்கும் அறியேன். இரண்டாயிரத்து மூன்றில் முற்றத்துக் கிறவல் நெரிகிற சத்தம் கேட்டது. ஓர் ஆள் மெல்ல நடந்து வருகிற மாதிரி, நாலைந்து எட்டு. வாசற்படிக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. வாசலில் வெயில் மட்டும்தான் இருந்தது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை இல்லை. நான் நம்பவில்லை என்பதற்காக அவை வராமல் விடுமா என்பது வேறு கதை. அன்று பக்கத்தில் இருந்தவரின் கையை நான் பிடித்தது உண்மை.

நிமிடம் முடிந்ததும் சீலா சொல்வாள்: "இன்னும் வரேல்லை." பிறகு அடுத்த பெயரைக் கூப்பிடுவாள்.

இந்த வருடம் ஆண்டு விழாவில் சங்கத்தில் சேர ஒரே ஓர் ஆள், என் மருமகள் மதுரா. கொக்குவில் சைவக் குடும்பத்துப் பெண்; என் மகன் றொகானை விரும்பிக் கட்டியவள். சேருவது அவளுடைய சொந்த முடிவு. தகப்பன் மூன்று மாதம் கதைக்கவில்லை. பிறகு ஒரு கடகம் மாம்பழத்தோடு வந்து, "சரி, சாமி சாமிதானே" என்றுவிட்டுப் போனார்.

போதகர் றஞ்சித் பெட்டியைத் தூக்கி வந்தார். சீலா திறப்பைப் போட்டாள். மூடியைத் திறந்ததும் அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வது வழக்கம். சீட்டெடுக்கிறவர் மட்டுமல்ல, பதிவாளரும் உள்ளே பார்க்கக்கூடாது என்று அவளே ஒரு சட்டம் வைத்திருந்தாள். மதுரா கையை விட்டாள். சட்டென்று அவளுடைய நெற்றி சுருங்கியது. "தேடவே இல்லை மாமா. ஆரோ கையிலை தந்த மாதிரி வந்திது" என்று பிறகு எனக்குச் சொன்னாள்.

சீட்டு மற்றவை போல் தட்டையாக இல்லை. வளைந்திருந்தது. ஒரு மூலையில் தேத்தண்ணி ஊறியது போன்ற கறை.

புதியவர் வசனத்தை வாசித்துவிட்டுப் பின்பக்கத்துப் பெயர்களையும் வாசிக்க வேண்டும். வசனத்தை நான் இங்கே எழுத மாட்டேன். அது இப்போது மதுராவுடையது. அவள் வாய்தான் அதைச் சொல்ல வேண்டும். பெயர்களை அவள் கணீரென்று வாசித்தாள். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதில் ஒருவர், அறுபத்திரண்டில் ஒருவர். மூன்றாவதாக:

"ஜஸ்ரின் தம்பிராசா. சேர்ந்தது எண்பத்தெட்டு ஏப்ரல் மூண்டு. அடக்கம்..."

நிறுத்தினாள். சீட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "அடக்கம், தொண்ணூற்றாறு ஆடி பதினாலு."

அந்தப் பெண்ணுக்குப் பெயர் தெரியும், கதையும் தெரியும். ஆனால் வாசிக்கத் தொடங்கிய வாய் முடித்துவிட்டுத்தான் நின்றது. பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.

சீலா போய்ச் சீட்டை வாங்கினாள். பார்த்தாள். "உது பிழை" என்றாள். தன் இடத்துக்குப் போய் இடாப்பை விரித்துப் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினாள். குரல் நேராகத்தான் இருந்தது. எழும்பினவர்கள்தான் வசனம் மறந்து தடுமாறினார்கள். ஜஸ்ரினின் பெயர் வந்தது. கதவு திறந்திருந்தது. நாங்கள் எல்லாரும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தோம்.

இந்த முறை வாழையிலைகள் நிற்கவில்லை. படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தன. இருபத்தெட்டு வருடத்தில் இதுதான் முதற்தடவை. எனக்கு மயிர் கூச்செறிந்தது அப்போதுதான்.

"இன்னும் வரேல்லை" என்றாள் சீலா. ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் போதகர் அவளைத் தனியே கூப்பிட்டார். என்னையும் நிற்கச் சொன்னார். அவர் இளம் போதகர், கெட்டவர் அல்ல. சட்டத்தைக் கண்டால் மட்டும் கொஞ்சம் மயங்குவார்.

"அடக்கத் திகதி விழுந்த பெயரை இடாப்பிலை வைச்சிருக்கேலாது அக்கா. அடுத்த ஞாயிறு கமிட்டி கூடுது. வெட்டத்தான் வேணும்."

"ஆர் எழுதினது?" என்றாள் சீலா. "ஆர் அடக்கம் பண்ணினது? எங்கை? அதைச் சொல்லுங்கோ, நானே என்ரை கையாலை வெட்டுறன். சொல்லாமல் ஒருத்தரும் என்ரை தம்பியைச் சாகடிக்கேலாது."

போதகர் என்னைப் பார்த்தார். நான் கூரை முகட்டைப் பார்த்தேன்.

அன்றிரவே ஊரில் கதை பரவிவிட்டது. பெட்டி பூட்டியிருந்தது, திறப்பு சீலாவின் இடுப்பில். சீட்டோ ஜஸ்ரினின் நெஞ்சுப் பொக்கற்றில் போனது. ஆகவே அவனே வந்து போட்டான் என்றார்கள். தன் சாவுத் திகதியைத் தானே எழுதினான் என்றார்கள். பெட்டியின் மூடியில் சீட்டுப் போடும் வெட்டு இருக்கிறது, திறப்பில்லாமலும் போடலாம் என்று நான் சொன்னேன். "ஓம், ஆர் போட்டது?" என்று திருப்பிக் கேட்டார்கள். பழைய போதகர்களின் கையெழுத்துகளை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. பென்சிலால், அழுத்தி, எழுதிப் பழக்கமில்லாத கை எழுதிய எழுத்து அது.

புதன்கிழமை காலை சீலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூன்று நாளில் மூன்று வயது கூடியிருந்தது. சீட்டைக் கைலேஞ்சியில் சுற்றி வைத்திருந்தாள். "செல்வத்துரை அண்ணை, வளைவைப் பாருங்கோ" என்றாள். அவன் நெஞ்சின் வளைவு. எட்டு வருடம் வியர்வையில் ஊறி வளைந்த மட்டை. அது அவனுடையதுதான் என்பதில் அவளுக்கும் சந்தேகம் இல்லை. "ஞாயிறு இது பிழை எண்டு சொன்னனான். பிழை இல்லை, எனக்குத் தெரியும். பயத்திலை சொன்னது."

மதுரா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். அந்தச் சீட்டை எடுத்த குற்றம் தன்னுடையது என்று அந்தப் பிள்ளை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"மாமா, ஒண்டு கேக்கட்டே? உங்கடை கோயில் ஆக்கள் ஆடி எண்டு எழுதுவினமோ?"

நான் விழித்தேன்.

"மற்ற எல்லாத்திலையும் ஏப்ரல், யூன், நவம்பர் எண்டுதானே இருக்கு. இதிலை மட்டும் ஆடி. எங்கடை அப்பா கலண்டரிலை இப்பிடித்தான் குறிப்பார். இதை எழுதினது சைவக்காரர் மாமா."

நூற்றெழுபத்தைந்து வருட வரலாறு எழுதிய பெரிய மனிதன் நான், கண்ணுக்கு முன்னால் கிடந்ததைக் காணவில்லை. எங்கள் வீடுகளில் ஆடி பிறப்பது பக்கத்துச் சைவ வீட்டுக் கூழ் வந்தால்தான் தெரியும். திகதி என்றால் யூலைதான். எங்கள் கோயிலுக்குள் போய்வருகிற, பெட்டி இருக்கும் அறையைக் கூட்டுகிற, ஒவ்வொரு செத்தவீட்டிலும் குழிக்கரையில் நின்று சீட்டில் திகதி எழுதுவதைப் பார்த்திருக்கிற சைவக்காரர் ஒரே ஓர் ஆள். சீலாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அவள் தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பினாள்.

முத்துக்குமாரண்ணை. கோயில் வேலியை ஒட்டினாற்போல் அவருடைய வாழைத் தோட்டம். நாற்பது வருடத்துக்கு மேலாக எங்கள் குழிகளை வெட்டுவதும் முற்றம் கூட்டுவதும் அவர்தான். வருடா வருடம் தொண்டைமானாற்றுச் சந்நிதிக்குக் காவடி எடுப்பார். வந்து எங்கள் நத்தார்ப் பண்டிகைக்குத் தோரணம் கட்டுவார். இப்போது எழுபத்தொன்பது வயது. நாங்கள் போனபோது கிணற்றடியில் வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். சீலா சீட்டை அவருக்கு முன்னால் நீட்டினாள்.

அவர் அதைப் பார்த்த பார்வையில் திடுக்கிடல் இல்லை. அதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

"எடுபட்டிட்டுது, தெரியும்" என்றார். "ஒவ்வொரு வருஷமும் வெளியிலை நிண்டு பாக்கிறனான் பிள்ளை. ஆரும் சீட்டெடுக்கேக்கை நெஞ்சு அடிக்கும். இவ்வளவு காலம் போச்சுது."

"முத்துக்குமாரண்ணை, எங்கை என்ரை தம்பி?"

அவர் எங்களை இருக்கச் சொன்னார். நாங்கள் இருக்கவில்லை. அவரும் எழும்பி நின்றுதான் சொன்னார்.

ஜஸ்ரின் வெளிக்கிட்ட மறுநாள் விடிய வாழைக்குத் தண்ணீர் மாற வந்தபோது மூன்றாம் வரிசை வாழைக்கடியில் அவனைக் கண்டாராம். "எப்பிடி எண்டு கேக்காதை பிள்ளை. அதை நான் சொல்லமாட்டன். மூச்சில்லை, அவ்வளவுதான்." அடையாள அட்டை இல்லை. சேட்டின் உள்பக்கத்தில் பச்சை நூல் பொக்கற், அதற்குள் சீட்டு. அந்த நாட்களில் ஒரு பிரேதத்தைக் கண்டேன் என்று சொன்னவன் வீட்டுக்குத் திரும்பி வருவான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சவக்காலைப் பக்கம் அப்போது கால் வைக்க முடியாது, மிதிவெடி இருக்கிறது என்று கயிறு கட்டியிருந்தது. இரவில் ஊரடங்கு.

"அந்தக் கிழமை கமிட்டி என்னட்டை ஒரு வேலை தந்திருந்தது" என்று என்னைப் பார்த்தார். "வாசலிலை கிடந்த ஷெல் கிடங்கை மூடச் சொல்லி."

நான் கோயில் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"தள்ளுவண்டிலிலை வைச்சு, வாழையிலை போட்டு மூடி, பட்டப்பகலிலைதான் கொண்டுவந்தனான். எல்லாரும் பாத்துக்கொண்டுதான் போச்சினம். கீழையும் இலை, மேலையும் இலை. பிறகு மண்."

எனக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. அதுதான் கொடுமை. நான் அந்த வழியால் போனேன். முத்துக்குமாரண்ணை தனியே கஷ்டப்படுகிறாரே என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, உடைந்த ஓடும் கல்லும் கொஞ்சம் தூக்கிப் போட்டேன். "போதும் தம்பி, போதும், நான் பாக்கிறன்" என்று அவர் என்னைத் தடுத்தபடியே இருந்தார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க் குளித்தேன். நான் தூக்கிப் போட்ட கல் எதன்மேல் விழுந்தது என்று நினைக்க, கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

சீலா நேரே நின்றாள். "அண்டைக்கு நானும் வந்தனான்" என்றாள் மெல்ல. "அவன் ஊரடங்கிலை எங்கையோ நிண்டிட்டான், நாளைக்கு வருவான் எண்டு நினைச்சுக்கொண்டு... உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டந்து தந்தனான்."

"ஓம் பிள்ளை. நல்லாய் நிரவியிருக்கிறியள் எண்டும் சொன்னனீ. குடிக்கேலாமல் குடிச்சன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அண்டைக்குச் சொல்லியிருந்தால் நீ கத்தியிருப்பாய். கத்தினால் ஆர் ஆர் வந்திருப்பினம்? ஆனா சொல்லாமலும் விடேல்லை. உங்கடை ஆக்கள் செத்தால் சீட்டு பெட்டிக்குள்ளை போகவேணும் எண்டு எனக்குத் தெரியும்தானே. அறை கூட்டேக்கை திகதியை எழுதிப் போட்டன். பெட்டி உன்ரை கையிலை. நீ பாப்பாய், விளங்கிக்கொள்ளுவாய் எண்டு நினைச்சன்."

"இருபத்தெட்டு வருஷம் நான் இன்னும் வரேல்லை எண்டு சொன்னதை வெளியிலை நிண்டு கேட்டனீங்கள்."

"கேட்டனான். நீ சீட்டைப் பாத்திட்டாய், பயத்திலை மறைச்சுச் சொல்லுறாய் எண்டுதான் நினைச்சன் பிள்ளை. சபையிலை அவ்வளவு பேருக்கு முன்னாலை என்ரை உயிரையும் காப்பாத்துறாய் எண்டு நினைச்சுக் கும்பிட்டிருக்கிறன். உனக்குத் தெரியாது எண்டு எனக்குத் தெரியாது. முருகனாணை."

சீலா அப்போதுதான் மண்ணில் இருந்துவிட்டாள்.

"நான் பெட்டிக்குள்ளை பாக்கிறேல்லை" என்றாள். "ஒருநாளும் பாக்கேல்லை. பாத்தா அவன்ரை சீட்டு அதுக்குள்ளை கிடந்திடுமோ எண்டு பயம்."

எங்கள் மூன்று பேரில் யாரைக் குறை சொல்வது என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். கண்டு பயந்தவர் ஒருவர், காணப் பயந்தவள் ஒருத்தி, கண்டும் காணாமல் கல் போட்டவன் நான். அன்று முற்றத்தால் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. வேலியைப் பிரித்துக்கொண்டு போனோம். திருமணம், ஞானஸ்நானம், நத்தார் என்று எத்தனை ஆயிரம் தடவை நாங்கள் அந்தக் கிறவலில் நடந்திருப்போம். இரண்டாயிரத்து மூன்றில் காலடிச் சத்தம் வந்து நின்ற இடம் எது என்று எனக்கு விளங்கிவிட்டது. வெளியே வாழையிலை அசைந்தால்கூட அந்த மூன்று நாளும் நான் யன்னலைச் சாத்தினேன்.

ஞாயிறு வந்தது. போதகருக்கு நான் எல்லாம் சொல்லியிருந்தேன். பாவம், அவருக்கும் நித்திரை இல்லை. அறிவிக்க வேண்டிய இடங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றார். "அறிவியுங்கோ" என்றாள் சீலா. "இருபத்தெட்டு வருஷமாய் நான் எல்லா இடமும் அறிவிச்சுத்தான் இருக்கிறன். ஆரும் வந்தால் நான் கதைக்கிறன். ஆனா அவனை ஒருத்தரும் கிண்டக்கூடாது."

கமிட்டி மேசையில் இடாப்பை விரித்தாள். ஜஸ்ரினின் பெயருக்கு மேல் சிவப்பு மையால் கோடு போட்டாள். சொன்னபடியே, தன் கையால். பிறகு அடக்கப் பதிவேட்டை எடுத்தாள். பெயர், வயது, திகதி எழுதினாள். யூலை என்று எழுதவில்லை. ஆடி பதினாலு என்றே எழுதினாள். அடக்கம் செய்தவர் என்ற நிரல் வந்தது. நூற்றெழுபத்தைந்து வருடமாக அந்த நிரலில் போதகர்களின் பெயரைத் தவிர வேறு பெயர் விழுந்ததில்லை. சீலா 'முத்துக்குமாரு' என்று எழுதினாள்.

போதகர் தொண்டையைச் செருமினார். "அக்கா, முறைப்படி நாங்கள் திரும்ப ஒரு அடக்க ஆராதனை..."

"ஒருக்கா அடக்கம் பண்ணினது காணும் போதகர்."

கடைசி நிரல், வாசித்த வேதப்பகுதி. அதில் பேனா நின்றது. முத்துக்குமாரண்ணை வாசலுக்கு வெளியே, முற்றத்தின் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். சீலா எழும்பிப் போய்க் கேட்டாள். அவருடைய பதில் எங்களுக்கும் கேட்டது.

"உங்கடை செபம் எனக்குத் தெரியாது பிள்ளை. சும்மா மண் போட மனம் வரேல்லை. வாய்க்குள்ளை ஒரு தேவாரம் பாடினன். பிழையெண்டா மன்னிச்சுக்கொள்."

அவள் திரும்பி வந்து அந்த நிரலில் தேவாரம் என்று எழுதினாள். போதகர் எட்டிப் பார்த்தார். பேனாவை வாங்கிக் கீழே கையொப்பம் வைத்தார். அந்த மனுஷனை அன்றுதான் எனக்கு மெய்யாகப் பிடித்தது.

சீட்டை மதுராவின் கையில் கொடுத்தாள் சீலா. "பத்திரமாய் வைச்சிரு பிள்ளை" என்றாள். மற்றவர்கள் ஒவ்வொருவராய் வெளியே போனார்கள். கிறவலில் கால் வைக்காமல் சுவரோரமாகப் போனார்கள். அவள் மட்டும் மேசையடியில் இருந்தாள். போகலாம் என்று நான் கூப்பிட்டேன். எழும்பவில்லை.

"அண்ணை, வீட்டை போய் நான் என்ன செய்யிறது?" என்றாள். "இனி ஆரைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?"

பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு நானும் இருந்தேன்.